கியர் இல்லாத லாஞ்சு

யுத்தம் முடிந்த மறு வருஷம், மாசி மாதம். கோட்டைப்பட்டினத்து வியாபாரி ஒருவர் தம் பழைய மோட்டார் லாஞ்சை விற்கப் போகிறார் என்று எங்கள் ஜெகதாப்பட்டினம் கரையில் பேச்சு அடிபட்டது. என்னிடம் யாரும் சொல்லவில்லை. வலை காயப்போட்டிருந்த கம்புகளுக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் பேசிக்கொண்டு போனது காதில் விழுந்தது. எனக்குச் செய்திகள் எப்போதும் அப்படித்தான் வந்து சேரும்.

"இனாமாக் குடுத்தாலும் வேண்டாம்ப்பா. அதுல கியரே கிடையாது. ஆதிகாலத்து இஞ்சின்" என்றார் ஒருவர். மற்றவர் சிரித்தார்.

கியர் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. ஆனால் லாஞ்சு என்றால் பாய் வேண்டாம், பாய் இழுக்க ஆள் வேண்டாம் என்பது தெரியும். அவர்கள் போன பிறகும் வலையைத் தொடாமல் நின்றுகொண்டிருந்தேன்.

அப்போது எனக்கு நாற்பத்து நான்கு வயது. ஒரு காலத்தில் எங்கள் வீட்டுக்கும் ஒரு வள்ளம் இருந்தது. நானும் சித்தப்பா மக்கள் மூவரும் அதில் தொழிலுக்குப் போனோம். அவர்கள் யுத்தத்துக்கு முன்பே ஒவ்வொருவராகக் கொழும்புக்குப் போய், அங்கே கடைகளில் தங்கிவிட்டார்கள். பாய்வள்ளத்தை ஒரே ஆள் ஓட்ட முடியாது. ஓட்டுவது இருக்கட்டும், மணலில் இருந்து தண்ணீருக்குத் தள்ளக்கூட முடியாது. வெயிலில் கிடந்து பலகைகள் வாய்பிளந்தன. அதற்கு அடுத்த வருஷம் என் மனைவி காய்ச்சலில் போய்விட்டாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வள்ளத்தை விறகுக்குக் கொடுத்துவிட்டு, இன்னொருவர் வள்ளத்தில் தண்ணீர் இறைக்கிற ஆளாகச் சேர்ந்தேன்.

தண்ணீர் இறைக்கிறவனுக்கு வள்ளத்தின் அடியில்தான் இடம். மற்றவர்கள் கடலைப் பார்த்துக்கொண்டு வருவார்கள். நான் கசிந்து நிற்கிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வருவேன். அது எனக்குப் பிடித்தே இருந்தது. பிடிக்காதது, கரைக்கு வந்தபின் கூறு போடுகிற நேரம்தான். விற்றதுபோக மிஞ்சிய மீனை மணலில் கூறு கூறாக வைப்பார்கள். ஒவ்வொருவரும் ஓர் அடையாளம் கொடுக்க வேண்டும். சிப்பி, குச்சி, அணைந்த பீடி, ஏதாவது. எது யாருடையது என்று தெரியாத வழிப்போக்கர் ஒருவரைக் கூப்பிட்டு, கூறுக்கு ஒன்றாக அவற்றை வைக்கச் சொல்வார்கள். யாரும் குறை சொல்ல முடியாது. நான் எப்போதும் ஒரு துண்டுக் கயிறு கொடுப்பேன். நான் பேசாத ஆள் என்பதால் அதற்கு 'ஊமைக்கயிறு' என்று பேர் வைத்துவிட்டார்கள். "ஊமைக்கயிறு இன்னைக்குப் பெரிய கூறுல ஏறிக்கிருச்சுய்யா, பேசாதவனுக்குத்தான் காலம்" என்பார்கள். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. நான் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருந்தால் அவர்களுக்கும் சந்தோஷமாக இருந்திருக்கும். எனக்கு அந்த வார்த்தை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் வரும். அங்கே அதைக் கேட்க ஆள் இல்லை.

ஒரு லாஞ்சு இருந்தால் யாரிடமும் போய் 'உங்கள் வள்ளத்தில் இடம் இருக்கிறதா' என்று நிற்க வேண்டியதில்லை. நானே போவேன், நானே வலை விடுவேன், நானே வருவேன். கூறு போட வேண்டியிராது. அந்த நினைப்பு அன்றைக்கு என்னைப் பிடித்துக்கொண்டது.

வாங்குவதற்கு என்னிடம் இருந்தது என் மனைவியின் சங்கிலியும் கல் தோடும் மட்டும். அவை கறம்பக்குடியில் அக்கா வீட்டில் இருந்தன. தனியாக இருக்கிறவன் வீட்டில் நகை வேண்டாம் என்று அவள் வாங்கி வைத்திருந்தாள். என்னையும் அங்கேயே வந்து இருக்கச் சொல்லி இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். மாமாவுக்கும் சம்மதம்தான். கடலைக்காட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது. சித்திரைக்குள் ஒரு முடிவு சொல், இல்லாவிட்டால் வேறு ஆள் வைத்துக்கொள்கிறோம் என்றும் சொல்லியிருந்தாள். அக்கா வீட்டில் சனத்துக்குக் குறைவில்லை. ஆனால் கூட்டத்தில்தான் எனக்குப் பேச்சு இன்னும் குறையும்.

அறந்தாங்கி போய், அங்கிருந்து கரி பஸ்ஸில் கறம்பக்குடி போனேன். பெட்ரோல் கிடைக்காமல் போன நாளில் பஸ்ஸின் பின்னால் அடுப்புப் பீப்பாய் ஒன்றைக் கட்டி, கரியை எரித்து அந்தப் புகையில் ஓட்டினார்கள். யுத்தம் முடிந்த பிறகும் எங்கள் பக்கம் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. மேடு வந்தால் இறங்கித் தள்ள வேண்டும். அன்றைக்கும் தள்ளினோம்.

அக்கா நெல் புடைத்துக்கொண்டே கேட்டாள்.

"லாஞ்சா? அதை யாரு ஓட்டுவா?"

"நான்தான்."

"கூட?"

"கூட ஆள் வேண்டாம்க்கா. அதுக்குத்தான் வாங்குறது."

முறத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஆள் வேணாம்ங்குறதுக்கு ஒருத்தன் நகையை வித்துக் காசு குடுப்பானா?" என்றாள். அதற்குமேல் தடுக்கவில்லை. உள்ளே போய் முடிச்சுத் துணியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். "அவ கழுத்துல கெடந்தது. கடல்ல போட்டுறாத. வேணாம்னு தோணுச்சுன்னா நேரா இங்கிட்டு வந்துரு. ஒனக்குக் கட்டில் போட்டு வச்சிருக்கேன்."

கட்டிலையும் காட்டினாள். மாட்டுக் கொட்டகையை ஒட்டிய அறை. சன்னலுக்கு வெளியே கண்ணுக்கு எட்டியவரை கடலைக்காடு. ஈரக்காற்றே இல்லை. மூக்கு வறண்டுபோன மாதிரி இருந்தது.

கோட்டைப்பட்டினத்து வியாபாரி எதையும் மறைக்கிற மனிதர் அல்ல. தோணிகளைக் கட்டி இழுப்பதற்காக அந்த லாஞ்சை முன்பு வாங்கியதாகவும், இப்போது தோணி வியாபாரமே குறைந்துவிட்டதால் விற்பதாகவும் சொன்னார். மண்ணெண்ணெய்க்குக் கூப்பன் வேண்டிய காலம். அதைத் தாமே பார்த்துத் தருவதாகச் சொன்னார். கியர் விஷயத்தையும் அவரே எடுத்தார். "இப்ப வர்ற லாஞ்சுல ஒரு கம்பியைத் தள்ளுனா முன்னுக்குப் போகும், இழுத்தா பின்னுக்கு வரும். இதுல அதெல்லாம் இல்லங்க. இஞ்சின் சுத்துனா தண்ணிக்குள்ள விசிறி சுத்தும், அவ்வளவுதான். நல்லாப் பாத்துட்டு எடுங்க" என்று சொல்லி, இஞ்சின்காரரிடம் என்னை அனுப்பினார்.

இஞ்சின்காரர் என்னைவிடச் சில வயது மூத்தவர். நாகப்பட்டினத்தில் இருந்து அந்த லாஞ்சோடு வந்தவர். பேசிக்கொண்டே இருந்தார். நான் பதில் சொல்லாததை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. அதுவே எனக்கு ஆறுதலாக இருந்தது. படகின் நடுவில் பலகைக் கூண்டு. அதற்குள் பச்சைச் சாயம் அடித்த இஞ்சின். அதன் தலையில் இரும்பில் ஒரு குமிழ். அதை ஊதுவிளக்கால் சிவக்கச் சிவக்கக் காய்ச்ச வேண்டும். சிவந்ததும் பெரிய சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட்டால் 'டொக், டொக்' என்று பிடித்துக்கொள்ளும். பிடித்த நொடியே படகு கிளம்பிவிடும். பின்னால் போக வேண்டுமானால் இஞ்சினை நிறுத்தி, சக்கரத்தை எதிர்ப்பக்கம் சுழற்றி, மறுபடி ஓடவிட வேண்டும்.

"ஒரு ஆளே ஓட்ட முடியுங்களா?" என்று கேட்டேன். அன்று காலையில் இருந்து நான் பேசிய முதல் பேச்சு அது.

அவர் சிரித்தார். "ஒரு ஆளா? உள்ள இருக்குறவனுக்கு வெளிய தெரியாது. வெளிய சுக்கான் பிடிக்கிறவனுக்கு உள்ள கை எட்டாது. ரெண்டு பேரு வேணும் தம்பி. சரி, வந்துட்டீங்க. சுக்கானைப் பிடிங்க, ஒரு சுத்து போய்ட்டு வருவோம். நிறுத்தணும்னா ஒரு சத்தம் குடுங்க. பின்னால ஓட்டிக் காட்டுறேன்."

அங்கேயே திரும்பியிருக்கலாம். ஆனால் சங்கிலி மடியில் இருந்தது. சுக்கானைக் கயிற்றால் கட்டிவிட்டு உள்ளே இறங்கி ஓடினால் முடியாதா என்றும் யோசித்தேன். ஏறி உட்கார்ந்தேன்.

கரையில் இருந்து மேல்காற்று வீசிக்கொண்டிருந்தது. லாஞ்சு நேராகக் கடலுக்குள் போனது. காற்றைக் கேட்காமல், அலையைக் கேட்காமல் போகிற படகில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. சந்தோஷமாகத்தான் இருந்தது. கொஞ்ச தூரம் போய், கரையோரமாகவே திரும்பி வந்து, முகத்துவாரத்துக்கு நேராக நிறுத்தலாம் என்று நினைத்தேன்.

எங்கள் வள்ளங்களை நிறுத்த ஒரு வழி உண்டு. அணியத்தை, அதுதான் வள்ளத்தின் முன்முனையை, காற்றுக்கு நேராகத் திருப்பினால் பாய் படபடத்து, வேகம் செத்து, வள்ளம் தானாக நின்றுவிடும். பத்து வயதில் இருந்து கையில் ஊறிய பழக்கம். அன்றைக்கும் என் கை அதையே செய்தது. காற்று கரையில் இருந்து வந்தது. ஆகவே லாஞ்சை நேராகக் கரையைப் பார்த்துத் திருப்பிவிட்டு, அது நிற்கும் என்று காத்துக்கொண்டிருந்தேன். சத்தம் கொடுக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. நான்தான் நிறுத்திவிட்டேனே. லாஞ்சு அதே வேகத்தில் போய்ச் சேற்றில் ஏறி, வழுக்கிக்கொண்டு இன்னும் உள்ளே போய், ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

இஞ்சின்காரர் உடனே சக்கரத்தை எதிர்ப்பக்கம் சுழற்றிப் பார்த்தார். விசிறி சேற்றை அள்ளி எறிந்துவிட்டு அடைத்துக்கொண்டது. வெளியே தலையை நீட்டினார். கரையைப் பார்த்தார், காற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"காத்துக்கு மூஞ்சி காட்டுனீங்களா?"

தலையாட்டினேன்.

"இது காத்துலயா தம்பி ஓடுது? மண்ணெண்ணெய்ல ஓடுது" என்றார். பிறகு கூண்டின் மேல் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. நான் அப்படிச் சத்தமாகச் சிரித்து எவ்வளவு காலம் ஆகியிருக்கும் என்று தெரியவில்லை.

நீர் வற்றுகிற நேரம். எங்கள் கடல் ஆழமில்லாதது. வற்றினால் கண்ணெதிரே சேறாகிவிடும். இறங்கி நடக்கலாம் என்றால் தொடைவரை புதையும். சாயங்காலம் நீர் ஏறும்வரை இருக்க வேண்டியதுதான். சுற்றிலும் உள்ளான் குருவிகள் சேற்றைக் கொத்திக்கொண்டு ஓடின. அவர் தூக்குச்சட்டியைத் திறந்து பழைய சோற்றைப் பாதியாகப் பிரித்தார். சுட்ட கருவாட்டையும் பிய்த்துக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல வாய் எடுப்பதற்குள் என் கையில் இருந்தது.

சாப்பிட்ட பிறகு, படகின் ஓரப்பலகையில் அடித்திருந்த சின்ன இரும்பு வளையங்களைக் காட்டினார். சுக்கானில் தொடங்கிக் கூண்டுவரை வரிசையாகப் போயின. முன்பு அவற்றின் வழியே ஒரு கயிறு ஓடியதாம். இஞ்சின் சத்தத்தில் எவ்வளவு கத்தினாலும் சில நேரம் காது கேட்காது. அதனால் கயிற்றின் ஒரு முனை சுக்கான்காரன் கையில் இருக்கும். மறுமுனை இவருடைய கால் கட்டைவிரலில் கட்டியிருக்கும். ஒரு இழுப்பு இழுத்தால் நிறுத்து. இரண்டு இழுத்தால் பின்னால் போ. சுக்கான் பிடித்தவர் இவரோடு பல வருஷம் இருந்தவர். யுத்தத்துக்கு முன் பினாங்குக்குப் போனவரிடமிருந்து பிறகு தகவலே இல்லை. கயிறும் இற்றுப்போனது. இவர் வேறு கயிறு போடவில்லை.

"ரொம்ப தூரம் போறப்ப, நானும் உள்ள இருந்து ஒரு தடவை இழுப்பேன். அவன் அங்கிட்டு இருந்து மெதுவா ஒரு சுண்டு சுண்டுவான்" என்றார்.

"அதுக்கு என்னங்க அர்த்தம்?"

"அர்த்தம் என்ன அர்த்தம்? உள்ள புகையில உக்காந்திருந்தா வெளிய ஆள் இருக்கானா விழுந்துட்டானான்னே தெரியாது. இருக்கியான்னு கேக்குறது. இருக்கேங்குறது. அவ்வளவுதான்."

என் இடுப்பில் எப்போதும் கொஞ்சம் வலைக்கயிறு சுற்றியிருக்கும். அவிழ்த்து அவரிடம் கொடுத்தேன். அவர் வாங்கி வளையங்களில் கோக்க ஆரம்பித்தார். நான் அடுத்த முனையில் இருந்து கோத்துக்கொண்டு வந்தேன். நடுவில் முடிச்சுப் போட்டோம். பொழுது போக வேண்டுமே என்று செய்தது மாதிரிதான் இருந்தது.

பொழுது சாயும்போது நீர் ஏறி லாஞ்சு மெல்ல அசைந்தது. அவர் உள்ளே இறங்கிக் குமிழைக் காய்ச்சினார். கம்பால் தள்ளிச் சேற்றில் இருந்து விலக்கினோம். கடலுக்குள் வந்ததும் சுக்கானைப் பிடித்துக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டேன். கூண்டுக்குள் அவர் தலைகூடத் தெரியவில்லை. புகையும் சத்தமும்தான். கொஞ்ச நேரம் போனது. கயிறு ஒரு தடவை என் கையை இழுத்தது. நான் மெதுவாக ஒரு சுண்டு சுண்டினேன். அவ்வளவுதான். கரை வருவதற்குள் இன்னும் சில தடவை அப்படி நடந்தது. ஒரு தடவை நானே முதலில் சுண்டினேன். கரைக்கு முன்னால் சரியான இடத்தில் ஓர் இழுப்பு இழுத்தேன். இஞ்சின் நின்றது. லாஞ்சு போன வேகத்தில் மிதந்து போய்க் கட்டுத்தறியில் இடிக்காமல் நின்றது.

வியாபாரி கரையில் நின்றுகொண்டிருந்தார். சேற்றில் ஏற்றியதற்காகக் கோபிக்கவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

அன்று வீட்டில் நான் யோசித்தது கியரைப் பற்றி அல்ல. கியர் இல்லாததுதான், அதனால் கயிறு வேண்டியிருந்ததுதான், அந்தப் படகில் எனக்குப் பிடித்திருந்தது. இஞ்சின்காரரும் லாஞ்சோடு வருவாரா என்று கேட்க வேண்டும். வருவார் என்றால் சங்கிலியைக் கொடுத்துவிடலாம். கேட்க வேண்டியது ஒரே ஒரு கேள்வி. மறுநாள் காலை, அதை எப்படிக் கேட்பது என்று வழி நெடுக, கோட்டைப்பட்டினம் போய்ச் சேரும்வரை, சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். 'நீங்களும் வாரீங்களா அண்ணே.' குழந்தைகூடக் கேட்டுவிடும்.

அவர் கூண்டுக்குள் எண்ணெய் துடைத்துக்கொண்டிருந்தார். என் வாயில் வந்தது வேறு.

"லாஞ்சை நான் எடுத்தா, நீங்க எங்க இருப்பீங்க அண்ணே?"

"நானா?" என்றார், துடைப்பதை நிறுத்தாமல். "மகன் திருச்சிக்குக் கூப்புட்டுக்கிட்டே இருக்கான். அங்க ஒரு பஸ் கம்பெனியில சொல்லி வச்சிருக்கான். இதை வித்ததும் கெளம்பிருவேன். பேரப்பிள்ளையை இன்னும் கண்ணால பாக்கல. எடுங்க தம்பி, நல்ல லாஞ்சு. ஏமாத்தாது. இஞ்சினுக்குப் பையன் எவனாவது கெடைப்பான், நான் இருந்து சொல்லிக் குடுத்துட்டுத்தான் போவேன்."

உண்மையாகத்தான் சொன்னார். முகத்தில் அந்தப் பேரப்பிள்ளை தெரிந்தது. நான் கேட்டது என்ன என்று அவருக்குத் தெரிய வழியில்லை. தெரிந்திருந்தாலும் பதில் அதுவேதான். பையன் யாராவது கிடைப்பான்தான். அந்தப் பையனிடம் போய் நான் கேட்டு, அவன் கால் விரலில் கயிறு கட்டி... அதை நினைத்துப் பார்க்க முடியவில்லை.

வியாபாரியிடம் போய் வேண்டாம் என்று சொன்னேன்.

"கியர் இல்லேன்னுதானே?" என்றார்.

"ஆமாங்க."

"ஞாயம்தான்" என்று டீ வாங்கிக் கொடுத்தார்.

அதன்பின் எங்கள் கரையில் எனக்குக் கொஞ்ச நாள் நல்ல பேர். பழைய இஞ்சினில் காசைப் போடாமல் திரும்பி வந்தவன் என்று. "ஊமையா இருந்தாலும் காரியக்காரன்ய்யா. ஓட்டிப் பாத்து, சேத்துல ஏத்திச் சோதிச்சுட்டு, வேணாம்னு வந்துருக்கான்" என்று எங்கள் வள்ளக்காரர் கடையில் வைத்துச் சொன்னார். பழைய இடத்தையே கொடுத்தார். நான் தண்ணீர் இறைக்க உட்கார்ந்தேன்.

நகையைக் கொண்டுபோய் அக்காவிடம் கொடுத்தேன். அவிழ்த்துப் பார்த்து, மறுபடி முடிந்தாள்.

"இஞ்சின் பழசோ?"

"ஆமாக்கா."

"நல்லவேளை" என்றாள். பிறகு கட்டில் கிடந்த அறைப் பக்கம் பார்த்தாள். சித்திரை பிறக்க நாள் இருந்தது. நான் காலை பஸ்ஸுக்குப் போக வேண்டும் என்றேன். அவள் வழிக்குச் சோறு கட்டிக் கொடுத்தாள். கடலைக்காட்டுக்கு வேறு ஆள் வைத்துக்கொண்டார்கள்.

லாஞ்சை யாரோ வாங்கி, இஞ்சினைக் கழற்றி விற்றுவிட்டு, படகில் மரம் நட்டுப் பாய் கட்டிவிட்டார்கள். கடலில் எப்போதாவது எதிரே வரும். ஐந்து பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டு போவார்கள். ஓரப்பலகையில் வளையங்கள் இன்னும் இருக்கின்றனவா என்று பார்ப்பேன். அந்தத் தூரத்துக்குத் தெரியாது.

அடுத்து வந்த பொங்கலுக்கு அக்கா வீட்டுக்குப் போனபோது, அறந்தாங்கியில் பஸ்ஸுக்குக் கரி போடுவதற்காக நிறுத்தினார்கள். எல்லோரும் இறங்கினோம். எங்கிருந்தோ அந்தச் சத்தம் கேட்டது. டொக், டொக், டொக். சத்தத்தைப் பிடித்துக்கொண்டு போனேன். ஒரு நெல் மில்லின் பின்பக்கத்து ஓலைக் கொட்டகையில், சிமெண்டுத் திட்டில் அந்த இஞ்சினை உட்கார வைத்திருந்தார்கள். பச்சைச் சாயம்கூட மாறவில்லை. சக்கரத்தில் மாட்டிய தோல் பட்டை சுவருக்கு அந்தப் பக்கம் போயிற்று. பக்கத்தில் ஒருவரும் இல்லை. ஆளே இல்லாமல் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் நின்றேன். பஸ்காரர் ஹாரன் அடித்ததும் வந்து ஏறிக்கொண்டேன்.